நடுவில் நின்ற பச்சை

கோவில்பட்டி பேருந்து நிலையத்துக்கு எதிர்மாடியில், பதருன்னிசாவின் பிரௌசிங் சென்டரில் முத்துச்செல்வி உட்கார்ந்திருக்கிறாள். பொங்கலுக்குச் சொந்த ஊரான பசுவந்தனைக்கு வந்தவளுக்கு, அவள் வேலை செய்யும் பெங்களூர் ஆய்வகத்திலிருந்து தோழி சுகுணா ஒரு படம் அனுப்பியிருக்கிறாள். செருப்பில் அப்பிய கரிசல் மண் காய்ந்து தரையில் உதிர்கிறது. ஜன்னலுக்குக் கீழே யாரோ கழுகுமலை பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடுகிறார்கள். திரையில் படம் மேலிருந்து நூல் நூலாக இறங்குகிறது. உயிரணு தனக்குள் செய்யும் புரதத்தை விளிம்புக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்தப் பயணத்தை மறிக்கும் ஒரு சிறு மூலக்கூறைத்தான் முத்துச்செல்வி இரண்டு வருடமாகத் தேடுகிறாள். ஆயிரத்துக்கு மேல் சோதித்தாயிற்று. ஒவ்வொரு முறையும், பச்சையாக ஒளிரும் புரதம் விளிம்புக்குப் போய் வளையமாகப் படிந்துவிட்டது. இப்போது, புதிதாகச் சோதித்த மூலக்கூறின் படத்தில் முதல் உயிரணு பாதி தெரிகிறது. விளிம்பு கறுப்பாக இருக்கிறது. அவள் மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறாள். "என்னம்மா, பாதியில நின்னுடுச்சா?" என்று பதருன்னிசா எட்டிப் பார்க்கிறாள். "வருதுக்கா. மெதுவாவே வரட்டும்." உயிரணு முழுதாகிறது. பச்சை நடுவிலேயே திரண்டு கிடக்கிறது. அடுத்ததிலும் அப்படியே, அதற்கடுத்ததிலும். "இது என்னதும்மா?" "கெளம்புன எடத்துலயே நிக்குதுக்கா. ஒண்ணுகூட வெளிய போவல," என்கிறாள் முத்துச்செல்வி.