ஆரோக்கியசாமி ஆஜர்

"ஆரோக்கியசாமி!"

கடைசிக் கொட்டகையிலிருந்து யாரோ ரெண்டு தரம் தொண்டையைச் செருமுவது கேட்டது. பிறகு குரல் வந்தது.

"ஆஜருங்க!"

சாமிநாதன் புள்ளி வைத்துவிட்டு அடுத்த பேருக்குப் போனார். பட்டணத்திலிருந்து ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்புக்குக் குமாஸ்தாவாக வந்து ஐந்து நாள்தான் ஆகிறது. காலையில் ஆபீஸ் திண்ணையிலிருந்து பேர் கூப்பிடுவது அவர் வேலை. பட்டியலை மாசாமாசம் முதலாளி நிசார் அஹமது சாயபு வேலூர் லாங் பஜாரிலிருந்து தன் கையாலேயே எழுதி அனுப்பிவிடுவார். மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு அதைப் படிக்க வேண்டியதுதான்.

அன்று சாயங்காலம் குறுக்கு வழியென்று கல்லறைத் தோட்டத்துக்குள் நடந்தார். ஒரு பெண் சின்ன மரச்சிலுவைக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தாள். இடுப்பில் ஒரு குழந்தை, பக்கத்தில் ரெண்டு.

சிலுவையில் 'ஆரோக்கியசாமி' என்று எழுதியிருந்தது.

"யாரும்மா இது?"

"எங்க வூட்டுக்காரருங்க. அந்த ஷாப்புலதான் தோல் சீவினாரு. ஐப்பசி மழையில வாந்திபேதி வந்து போய்ட்டாரு."

இப்போது மாசி மாசம்.

"இன்னிக்குக் காலையிலகூட நான் பேர் கூப்பிட்டப்போ பதில் சொன்னாரே!"

அவள் முகம் வெளுத்துப்போனது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடியே விட்டாள். மெழுகுவத்தி சட்டென்று அணைந்தது.

மறுநாள் காலை அந்தப் பேரை எட்டியதும் சாமிநாதன் மூக்கிலிருந்து கைக்குட்டையை இறக்கினார். எப்படியோ கூப்பிட்டார்.

அதே செருமல், ரெண்டு தரம்.

"ஆஜருங்க!"

மயிர்க்கூச்செறிந்தது. கொட்டகைக்கு ஓடினார். வரிசையாகத் தோலை விரித்துப் போடும் சாய்மரங்கள். ஒவ்வொரு மரத்திலும் ஒருவன் குனிந்து தோலில் ஒட்டியிருந்த சதையைச் சீவிக்கொண்டிருந்தான். கடைசி மரத்தில் மட்டும் ஆள் இல்லை. கத்தி காய்ந்து கிடந்தது.

மத்தியானம் மறுபடி போய்ப் பார்த்தார். மரம் ஈரமாக இருந்தது. கத்தியிலிருந்து சுண்ணாம்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் சீவி முடித்த தோல்கள், ஓர் ஆளின் முழு வேலை.

"இது யாரோட மரம்?"

"ஆரோக்கியசாமியோடதுங்க" என்றான் பக்கத்து மரத்து அப்துல் ஹமீது, நிமிராமலே.

"அவன் செத்துப் போயிட்டான்யா!"

"தெரியுங்க. நான்தான் பெட்டிக்குத் தோள் குடுத்தேன்."

"அப்போ இதையெல்லாம் சீவினது யாரு?"

"வர்றான், போறான். நமக்கு எதுக்குங்க பேஜாரு?"

சாமிநாதனுக்குப் பயம் போய்க் கோபம் வந்தது. பேயாவது பிசாசாவது, எல்லாரும் சேர்ந்து காதில் பூ சுற்றுகிறார்கள்! செத்தவன் பேருக்கு யாரோ ஆஜர் சொல்வதாக உடனே சாயபுவுக்கு ஒரு கடிதம் எழுதித் தபாலில் சேர்த்தார். சாயபு ஒரே ஒரு பொய்க்காகச் சொந்த மைத்துனனையே ஷாப்பை விட்டுத் துரத்தியவர் என்று கேள்வி.

பொழுது சாயும் நேரத்தில் ஹமீது வந்து நின்றான்.

"லெட்டர் போட்டீங்களாமே."

"போட்டாச்சு."

"பேரை அடிச்சுட்டா அன்னிக்கே ஷாப்பு குடுத்த குடிசையைக் காலி பண்ணணும், அது இந்த ஷாப்பு சட்டம். அவன் சம்சாரம் சவுரியம்மா மூணு புள்ளைங்களை இட்டுக்கினு எங்கங்க போவும்?"

"அதுக்காகப் பொய்க்கு நான் துணை போகணுமா?"

ஹமீது தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டான்.

"போன வருசம் எனக்கு அம்மை போட்டுதுங்க. பதினெட்டு நாள் எழுந்திரிக்கல. தெனம் என் பேருக்கு அவன்தான் ஆஜர் சொன்னான், என் குரல்லயே. என் பங்குத் தோலையும் அவனே சீவினான். கஞ்சி குடிக்கக்கூட உட்காரலையாம். எனக்கு மட்டும் இல்ல. இந்தக் கொட்டகையில அவன் குரல் குடுக்காத ஆள் கிடையாது. தோஸ்துங்க அவன். அப்பிடி ஒரு மனுசன் இனிமே பொறக்கணும்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான்.

அவசரப்பட்டு ஒரு குடும்பத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்துவிட்டோமே என்று சாமிநாதன் தன்னையே திட்டிக்கொண்டார். கடிதமோ ரயிலேறி ஜோராக வேலூர் போய்க்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் காலை ஜட்கா வந்து நின்றது. சாயபு இறங்கினார். பட்டியலைத் தானே வாங்கி, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார்.

"ஆரோக்கியசாமி!"

செருமல் இல்லை. பதில் இல்லை. குடிசை வாசலில் சவுரியம்மாள் குழந்தையை இறுக்கிப் பிடித்தபடி நின்றாள்.

"ஆரோக்கியசாமி!"

ஹமீது தலையைக் குனிந்துகொண்டான். இன்றைக்குப் பார்த்து அந்த ஆவியாவது வந்து பதில் சொல்லக்கூடாதா என்று சாமிநாதன் மனசார வேண்டிக்கொண்டார்.

மூன்றாம் தரமும் கூப்பிட்ட சாயபு, கண்ணாடியைக் கழற்றிவிட்டு எரிந்து விழுந்தார்.

"இன்னிக்கு அவனுக்குக் குரல் குடுக்க யாரு முறைடா? சீக்கிரம் சொல்லித் தொலைங்க, வேலை கெடக்குது!"