திக்கிய எஞ்சின்

"அந்தத் திருட்டு வண்டியைத் திறந்து பாருங்கய்யா! பார்க்காம இன்னைக்குப் பந்தயம் நடக்காது!"

ஹோபர்ட் செட்சர் தொப்பியைக் கழற்றிப் பரிசோதகர் வெர்னனின் மேசை மேல் அடித்தார். வட கரோலினாவின் அந்தச் சிவப்புக் களிமண் கார்ப் பந்தயத் தடத்தைச் சுற்றி நின்றவர்கள், கையில் பிடித்த பொலோனி சாண்ட்விச்சைக் கடிக்க மறந்து திரும்பிப் பார்த்தார்கள்.

"யார் மேல புகார்? தெளிவாச் சொல்லுங்க, ஹோபர்ட்" என்றார் வெர்னன்.

"வேற யாரு? மெர்ல் போலிக்! ஈர மண்ணுல அவன் வண்டி மட்டும் பிசின் தடவின மாதிரி ஒட்டிக்கிட்டு ஓடுது. எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கிற இக்னிஷன் பெட்டிக்குள்ள சென்சார் வச்சிருக்கான். சக்கரம் வழுக்கினதும் அது அந்தப் பொறியை வெட்டி எஞ்சினை அடக்கிடும். அப்புறம் ஓட்டறவன் காலுக்கு என்ன வேலை?"

அந்தத் தடத்தின் சட்டம் எளிமையானது. வாரநாட்களில் சக்கரம், எண்ணெய், புகைக்குழாய் என்று எங்கு வேண்டுமானாலும் சென்சார் மாட்டி எஞ்சினைச் சீர் செய்துகொள்ளலாம். சனிக்கிழமை பந்தயத்துக்கு முன் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். செட்சர் பட்டறையில் அந்த வேலை ஹோபர்ட்டின் மகன் டோபினுடையது. அளவுகளைப் பார்த்து எஞ்சினைத் திருத்துவதும் அவன்தான், வண்டியை ஓட்டுவதும் அவன்தான்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மெர்ல் போலிக் வந்தார்.

"யோவ் ஹோபர்ட்! சீசன் முழுக்க என் புழுதியைத் தின்னியே, இன்னும் வயிறு நிறையலையா? உன் மகனும் கம்ப்யூட்டரைத் தட்டித் தட்டிப் பார்க்கிறான். கடைசியில அவன் பார்க்கிறதென்னவோ என் பின் பம்பரைத்தான்!"

"என் மகன் நேர்மையாத் தோக்கிறான்டா!" ஹோபர்ட்டின் கழுத்து நரம்பு புடைத்தது.

"அப்பா, விடுங்க." ஓட்டுநர் உடுப்பில் நின்ற டோபின் அவர் முழங்கையைப் பிடித்தான். "எதுக்கு இந்தச் சண்டை? நம்ம வண்டியை ட்ரெய்லர்ல ஏத்திட்டு வீட்டுக்குப் போயிடலாம்."

ஹோபர்ட் கையை உதறினார்.

"எங்க தாத்தா காலத்துல இருந்து செட்சர் வண்டி ஓடாம ட்ரெய்லர் ஏறினதில்லை. இன்னைக்கும் தோத்தா வீட்டுப் படி ஏறாதேன்னு காலையில உன்னைத் திட்டினேனே, எதனால? இவன் திருட்டுத்தனத்தாலதான்! உனக்கு ஏன்டா வலிக்குது? இவன் பொண்ணு ஜானெல்லோட நீ ஐஸ்கிரீம் கடையில உக்காந்திருந்ததை ஊரே பார்த்துச்சு. வரப்போற மாமனார் மானம் போயிடுமேன்னு பயமா?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். டோபினின் முகம் சிவந்தது.

"அதுக்கில்லப்பா..."

"வாயை மூடு! வெர்னன், எல்லார் முன்னாடியும் சொல்றேன். எந்த வீட்டு வண்டியில அந்தக் கள்ளப் பெட்டி இருக்கோ, அந்த வீட்டு நம்பரை இந்தத் தடத்துல இருந்தே அழிச்சிடணும். பேரன் பேத்தி காலத்துலயும் திரும்பி வரக் கூடாது. சம்மதமா மெர்ல்?"

"சம்மதம்! என் வண்டியில ஒரு கம்பி கூடுதலா இருந்தா நானே அழிக்கிறேன்."

வெர்னன் எழுந்தார். "ரெண்டு பேரும் வாக்குக் கொடுத்துட்டீங்க. அப்புறம் பேச்சு மாறக் கூடாது. புகார்னு வந்துட்டா ரெண்டு வண்டியும் என் கூடாரத்துக்குள்ள வரணும்."

"தாராளமா! செட்சர் வண்டியில ஒளிக்க என்ன இருக்கு?"

"நான் ஒரு நிமிஷம் உள்ள போய்..." டோபின் முன்னே நகர்ந்தான்.

"வண்டிக்காரங்க யாரும் உள்ள வரக் கூடாது." வெர்னன் கூடாரத் துணியை இழுத்து மூடினார்.

வெளியே ஹோபர்ட் நிற்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் நடந்தார். மெர்ல் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

கையில் அழுக்குத் துணியோடு வெளியே வந்த வெர்னன், "மெர்ல், உங்க வண்டி மட்டும் தனியா ரெண்டு சுத்து ஓடட்டும்" என்றார்.

தண்ணீர் தெளித்த தடம் வழவழவென்று கிடந்தது. தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு மெர்ல் கிளம்பினார். ஹோபர்ட் கண்ணை மூடி, காதை வேலியோடு சேர்த்து நின்றார்.

முதல் வளைவு. பின்சக்கரம் வழுக்கிய அதே கணம் எஞ்சின் திக்கியது. 'ட்ர்ர்... ட்ர்ர்...' அவ்வளவுதான். வண்டி துளிகூட அலையாமல் வளைவை விட்டு அம்பு போல் வெளியே பாய்ந்தது.

"கேட்டீங்களா?" ஹோபர்ட் வேலியைக் குத்தினார். "அந்தத் திக்கலைக் கேட்டீங்களா? பொறியை வெட்டுது பாருங்க! நான் பொய்யா சொன்னேன்? எங்கடா பெயிண்ட் டப்பா? அழிங்கடா அவன் நம்பரை!"

அடுத்த வளைவிலும் அதே திக்கல். இந்த முறை கூட்டம் முழுவதற்கும் கேட்டது. "ஆமா, ஆமா" என்று முணுமுணுப்பு எழுந்தது.

டோபின் வேலிக் கம்பியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு தலை குனிந்து நின்றான்.

"ஏன்டா தலை குனியறே? நிமிர்ந்து நில்லு! நம்ம குடும்பம் ஒருநாளும் இந்த ஈனப் புத்திக்குப் போனதில்லை!" ஹோபர்ட் திரும்பினார். "சொல்லுங்க வெர்னன், உங்க வாயால சொல்லுங்க. நீங்களும் கேட்டீங்கதானே?"

"நல்லாவே கேட்டேன், சந்தேகமே இல்லை" என்ற வெர்னன், துணியை மடித்துக்கொண்டே அவர் கண்ணைப் பார்க்காமல் சொன்னார். "ஆனா கூடாரத்துக்குள்ள ரெண்டு வண்டி இக்னிஷன் பெட்டியையும் நான் மாத்தி மாட்டிட்டேன். இப்ப மெர்ல் வண்டியில ஓடறது உங்க பெட்டி, ஹோபர்ட்."