துளித் தொடர்பும் இல்லை

முப்பது கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு ஆய்வுக்கூடங்கள். ஒளித்துகள்களை இரண்டு பக்கமும் அனுப்பி, அவை சொல்லிவைத்தாற்போல் நடந்துகொள்கின்றனவா என்று அளக்க வேண்டும். அளக்கிறவர்களுக்குள் மட்டும் எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது.

"அந்தக் கவலையே வேண்டாம் மேடம்," என்றார் திட்டத் தலைவர், முடிவுகளைச் சரிபார்க்க வந்த அம்மையாரிடம். "கிழக்குல ஒரு மகராசன், மேற்குல ஒரு மகராசி. ரெண்டு பேரும் பேசி ஆறு வருஷம் ஆச்சு. அதுக்காகவே தேடிப் பிடிச்சுப் போட்டேன்."

அம்மையார் இரண்டு கூடங்களின் பதிவுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தார்.

"அப்புறம் எப்படி சார், அளக்கிற கோணத்தை ரெண்டு பேரும் ஒரே வரிசையில மாத்தியிருக்காங்க? அதுவும் லட்சம் தடவை! இந்தச் சோதனையை எவன் நம்புவான்?"

தலைவர் இரண்டு கணினிகளின் தொடக்கப் பதிவுகளையும் திறந்து பார்த்தார். கோணங்களைக் கணினிதான் குலுக்கிப் போடும். குலுக்கலைத் தொடங்க, மனதில் தோன்றும் ஓர் எண்ணை ஆள் கொடுக்க வேண்டும். ஒரே எண்ணைக் கொடுத்தால் ஒரே வரிசைதான் வரும். இரண்டு கணினியிலும் ஒரே எட்டு இலக்கம்!

அம்மையாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் கிழக்குக்குப் போன் போட்டார்.

"இந்த நம்பர் ஏதுய்யா?"

"என் வாழ்க்கையிலேயே மறக்க முடியாத தேதி சார்."

மேற்குக்குப் போட்டார்.

"அதுவா? எனக்கு விடிவு பொறந்த நாள் சார்."

அம்மையார் கண்ணாடியைக் கழற்றினார். "புருஷன் பொண்டாட்டியா? கல்யாண நாளா?"

"விவாகரத்து ஆன நாள் மேடம்!" தலைவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "நாலு வருஷம் குடும்பம் நடத்தினப்ப, ஒரு தலையணை உறை வாங்கக்கூட ஒத்துப்போகாத ஜென்மங்க!"