மூன்றாம் தாள்

மாடியறையில் வாசிப்புக் கூட்டம் முடிந்து எல்லாரும் எழுந்துகொள்கிறார்கள். மதிய வெயில் மேசைவரை வந்து கிடக்கிறது. அவள் எழுதிய முதல் நாவலின் முதல் அத்தியாயத்தை, போன வாரம் வாங்கிப்போன நால்வரும் திருப்பி வைக்கிறார்கள். நாளை அது பதிப்பகத்துக்குப் போகவேண்டும். ஆய்வகத்தில் ரத்தம் எடுப்பவள் அவள். இவர்களோ ஆளுக்கு இரண்டு மூன்று புத்தகம் போட்டவர்கள்.

"எங்க சரியில்லன்னு சொல்லுங்க சார்."

"நல்லா வந்திருக்கும்மா," என்கிறார் தபால்காரர், செருப்பைக் காலால் துழாவியபடி. "ஒரே மூச்சுல படிச்சேன்."

"அவர் மூச்சு கொஞ்சம் சின்னது, கண்டுக்காதம்மா," என்று பல் மருத்துவர் சிரிக்கிறார்.

படிகளில் காலடிகள் இறங்கி ஓய்கின்றன. அவள் பிரதிகளை அடுக்குகிறாள். மூலையில் ஸ்டேப்ளர் பின் அடித்த தாள்கள். புரட்டிய தாளில் பின்னையொட்டி ஒரு மடிப்பு விழுந்திருக்கும். தபால்காரர் பிரதியில் முதல் இரண்டு தாள்களில் மட்டுமே மடிப்பு. மூன்றாவதிலிருந்து எல்லாம் கடையில் வாங்கிய புதுத்தாள்போல வழவழவென்று இருக்கின்றன. மருத்துவருடையதைப் பார்க்கிறாள். அதிலும் இரண்டுதான். மற்ற இரண்டையும் வெயிலில் சாய்த்துப் பார்க்கிறாள். நால்வரும் ஒரே இடத்தில் நின்றிருக்கிறார்கள்.

மூன்றாம் தாளில் இருப்பது அம்மா செத்த காலை. தான் படித்த எழுத்தாளர்களையெல்லாம் மனதில் வைத்துப் பதினொரு நாள் உட்கார்ந்து எழுதியது. நாவலில் அது ஒன்றுதான் நடந்தது நடந்தபடி இருக்கிறது. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, நால்வரில் ஒருவராகத் தன்னை எண்ணிக்கொண்டு அதை நிதானமாகப் படிக்கிறாள். பாதியில் கண் தானாகவே தாளைவிட்டு ஜன்னலுக்குப் போகிறது.

பென்சிலை எடுத்து, அம்மாவின் வாயைத் துடைத்துவிடும் வரியிலிருந்து கோடிட்டு அடிக்கத் தொடங்குகிறாள்.