எடைக்கு எடை

விஜயகுமார் விட்ட குத்து காமராஜின் தாடைக்கு ஒரு விரல்கடை முன்னால் வந்து நின்றது. காமராஜ் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"இம்புட்டுத்தான் மச்சான். டைசனா இருந்தாலும் இந்த எடத்துல விழுந்தா படுக்க வேண்டியதுதான்" என்றான் விஜயகுமார்.

போடியில் காமராஜ் நடத்தும் ஜிம்மில் ஞாயிற்றுக்கிழமை என்றால் இந்தச் சண்டைதான். தங்கை புருஷன் விஜயகுமார் மலைமேல் ஓர் ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசர். மனைவி பானுப்பிரியாவைக் கூட்டிக்கொண்டு வாரம் தவறாமல் ஜீப்பில் இறங்கி வந்துவிடுவான். வருவது மச்சான் வீட்டுக் கறிச்சோற்றுக்கா, குத்துச்சண்டைப் பேச்சுக்கா என்று யாராலும் சொல்ல முடியாது.

கேள்வி எப்போதும் ஒன்றுதான். மலை மாதிரி இருக்கும் டைசனும் சின்ன உடம்புக்காரன் பாக்கியோவும் மோதினால் யார் ஜெயிப்பார்கள்? அவர்கள் இருவரும் மோதப்போவதில்லை. மோதினாலும் தீர்ப்புக் கேட்டுப் போடிக்கு வரப்போவதில்லை. அதெல்லாம் இங்கே யாருக்கும் ஒரு பொருட்டில்லை.

விஜயகுமார், பாக்கியோ கட்சி. எட்டு எடைப் பிரிவில் பட்டம் வாங்கியவனுக்கு இன்னும் கொஞ்சம் பெரிய ஆள் ஒரு கணக்கா என்பான். எடை என்பதே பயந்தாங்கொள்ளிகள் கண்டுபிடித்த சமாச்சாரம், குத்து எங்கே விழுகிறது என்பதுதான் விஷயம் என்பான். பிறந்ததிலிருந்து அவன் கையுறை மாட்டியதில்லை. தோட்டத்தில் சிக்னல் கிடைக்கும் பாறைமேல் உட்கார்ந்து செல்போனில் கற்றுக்கொண்ட குத்துச்சண்டை அவனுடையது.

காமராஜ், டைசன் கட்சி. வாலிப வயதில் மாநிலப் போட்டிக்குப் போய் முதல் சுற்றிலேயே விழுந்துவிட்டு வந்தவன். அந்த ஒரு சுற்றை வைத்துத்தான் இன்றுவரை ஜிம் ஓடுகிறது. எடைக்கு எடை மோதுவதுதான் தர்மம், மற்றதெல்லாம் கொலை என்று அவன் சொல்லும்போது குரல் தழுதழுக்கும்.

பானுப்பிரியா டீ கொண்டுவந்தாள். அவளுடைய இடது கன்னம் கன்றிப்போயிருந்தது. மூஞ்சிக்கு என்ன ஆச்சு என்று காமராஜ் தங்கையிடம் கேட்டான். மழைக்குச் சரிவெல்லாம் வழுக்குகிறது, பார்த்து நட என்றால் இவள் எங்கே கேட்கிறாள் என்று விஜயகுமார் பதில் சொன்னான்.

"பாத்து நட ஆத்தா" என்று சொல்லிவிட்டு, காமராஜ் விட்ட இடத்திலிருந்து டைசனை எடுத்துக்கொண்டான்.

அன்றைக்குப் பேச்சு முற்றிவிட்டது. உடற்பயிற்சிக்கு வந்த நாலைந்து பேரும் எடைக்கட்டைகளைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். அவர்களில் முட்டைக்கடை கண்ணுச்சாமிதான் அந்த யோசனையைச் சொன்னான். டைசனுக்கும் பாக்கியோவுக்கும் எடையில் எவ்வளவு வித்தியாசமோ, கிட்டத்தட்ட அதே வித்தியாசம் மச்சானுக்கும் மாப்பிள்ளைக்கும் இருக்கிறதே, ஒரே ஒரு சுற்று மோதிப் பார்த்துவிட்டால் என்ன என்றான்.

காமராஜுக்கு வாயெல்லாம் பல். கண்ணுச்சாமியை வெரசா எடை மெஷினைக் கொண்டுவரச் சொல்லிவிட்டுக் கையுறைகளை மாட்டினான். மெஷினில் ஏறி நின்றான். தொண்ணூற்றாறு. விஜயகுமாரைத் தள்ளாத குறையாக ஏற்றினார்கள். அறுபத்தைந்து.

விஜயகுமார் மெஷினைப் பார்த்தான். மச்சானின் கையைப் பார்த்தான். கறிச்சோறு ஆறிவிடுமே என்றான். யாரும் அசையவில்லை. முந்தாநாள் முதுகு பிடித்துக்கொண்டதாகச் சொன்னான். கண்ணுச்சாமி அவன் கையைப் பிடித்துக் கையுறைக்குள் திணிக்கப் பார்த்தான்.

அந்த இடத்தில்தான் விஜயகுமாருக்கு ஞானம் பிறந்தது. இத்தனை வருஷம் பாக்கியோவுக்காகப் பேசியதெல்லாம் சும்மா வாதத்துக்குத்தான் என்றான். எடைப் பிரிவு வைத்தவன் மடையன் இல்லை, மனுசத்தன்மை உள்ளவன் என்றான். இளைத்தவனைப் போட்டு அடிப்பதில் என்ன வீரம் இருக்கிறது என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டான். கேட்கக் கேட்க அவனுக்கே அது பிடித்துப்போனது.

"தன்னைவிட எடை கம்மியா இருக்க ஆள் மேல கை வைக்கிறவன் ஆம்பளையா மச்சான்?"

ஜிம்மே சிரித்தது. காமராஜுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மாநிலப் போட்டியில் கிடைக்காத வெற்றி இன்றைக்குத்தான் கிடைத்தது.

"இன்னொருக்கா சத்தமாச் சொல்லு மாப்ளே. எல்லாரும் கேக்கட்டும்."

விஜயகுமார் நெஞ்சில் கை வைத்து, சத்தமாகவே சொன்னான். காமராஜ் அவனைக் கட்டிப்பிடித்துத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினான். பாக்கியோ கட்சி கலைந்துவிட்டது, இனிமேல் ஞாயிற்றுக்கிழமை பேச விஷயம் இல்லை என்று கண்ணுச்சாமி வருத்தப்பட்டான்.

கையுறையைக் கழற்றிவிடச் சொல்லி, காமராஜ் தங்கையிடம் இரண்டு கைகளையும் நீட்டினான்.

பானுப்பிரியா கழற்றவில்லை. டீ கிளாசுகளை அடுக்கிய தட்டைத் தரையில் வைத்தாள். சேலையைச் சற்றே தூக்கிக்கொண்டு எடை மெஷின்மேல் ஏறி நின்று குனிந்து பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள்.

"அண்ணே, நான் நாப்பத்திரெண்டு கிலோ."