வளைவில் நின்ற யானை

"வளைவுல யானை நிக்குதுன்னு குரூப்புல போட்டது நீ தான?"

ஜீப் ஓட்டும் மொக்கையன் கேட்டதும் பூமாரி கையிலிருந்த போனை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள்.

மூணாறில் ஒரு ஹோட்டல் ரிசப்ஷனில் ஒரே ஒரு வேலை. இன்டர்வியூவுக்கு அழைப்பு வந்ததோ இரண்டு பேருக்கு. பூமாரிக்கும் முருகேஸ்வரிக்கும். தேயிலை எஸ்டேட்டின் ஒரே லயத்து வரிசையில் அடுத்தடுத்த வீடு, ஒரே பெஞ்சில் படிப்பு. உயிர்த்தோழிகள் என்று ஊரே கண் வைத்த ஜோடி.

காலையில் பூமாரி பால் ஜீப்பில் முந்திக்கொண்டாள். போனவள் சும்மா போனாளா? எஸ்டேட் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வரி தட்டிவிட்டாள். 'வளைவில் யானை நிக்குது. யாரும் வராதீங்க.'

யானை என்று சொன்னால் இங்கே யாரும் குறுக்குக் கேள்வி கேட்பதில்லை. மூணாறுக்கு ஆள் ஏற்றும் ஜீப்பை மொக்கையன் எடுக்கவில்லை. முருகேஸ்வரி இன்டர்வியூவுக்குப் போகவில்லை. வேலை பூமாரிக்கு.

சாயங்காலம் அவள் திரும்பியபோது, லயத்து முன்னால் கூட்டம் காத்திருந்தது.

"நான் போய்ப் பார்த்துட்டேன். தடம் இல்ல, சாணி இல்ல, ஒரு கிளை ஒடியல. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய காய்ச்சல்காரப் புள்ளைய வச்சுக்கிட்டு மத்தியானம் வரைக்கும் காத்துக் கெடந்தோமே!" என்று கத்தினார் மொக்கையன். "இவளக் குரூப்ப விட்டுத் தூக்குங்க. இனி இவ பேச்ச எவன் நம்புவான்?"

உண்மையைச் சொல்லிவிடலாமா? தொண்டை வரை வந்தது. தலை குனிந்து நின்ற அம்மாவைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டாள்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு முருகேஸ்வரி வந்தாள். தொலைந்தோம் என்று கண்ணை மூடிக்கொண்டாள் பூமாரி.

"யானை நின்னுச்சு மாமா. நான் பார்த்தேன்."

"நீயா? எங்க?"

"கோயில் மேட்டுல ஏறிப் பார்த்தேன். ஒத்த யானை. பாறை மேல நின்னுட்டு அப்படியே ஓடைக்கு இறங்கிருச்சு. பாறையில தடம் எப்படி விழும்?"

மொக்கையன் அடங்கிப்போனார். "வேலை போனது உனக்கு. நீயே சொல்றப்ப நான் என்னத்தச் சொல்ல?"

கூட்டம் கலைந்தது. பூமாரி முருகேஸ்வரியை ஓரமாக இழுத்துப் போனாள். தான் பொய்யாகச் சொன்ன யானை நிஜமாகவே வந்துவிட்டதோ?

"நெசமாவே வந்துச்சாடி?"

"இல்ல."

"அப்ப..."

"யானையைப் பார்த்தா நீ அலறி அடிச்சு வாய்ஸ் போடுவ. இன்னைக்கு நிதானமா டைப் பண்ணியிருந்த. மத்தியானம் திரும்ப எடுத்துப் பார்த்தப்பத்தான் எனக்கே புரிஞ்சுது."

பூமாரி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து பார்க்கிற முகம். இன்றைக்கு அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது.

"இவ்வளவு தெரிஞ்சும் என்னையக் காப்பாத்தவாடி பொய் சொன்ன?"

அழுகையோடு கையைப் பிடித்தாள். முருகேஸ்வரி உதறினாள்.

"உன்னையக் காப்பாத்த இல்ல. நாளைக்கு நெசமாவே யானை நின்னு நீ மெசேஜ் போட்டா, இந்த ஊரு நம்பணும். போன வருசம் யானை மெசேஜை நம்பாம நடந்து போன எங்கப்பாவ, நாலு பேரு தூக்கிட்டுத்தான வந்தாங்க?"