ஒரு சாண் கூடுதல்

இரண்டு நூல்களையும் ஒரே முளையில் மாட்டி இழுத்துப் பார்த்த அமலனுக்கு எரிச்சல் வந்தது. தங்கை ஜெசிந்தாவின் பட்டத்தில் வலது கைக்கு ஒரு நூல், இடது கைக்கு ஒரு நூல். இடது நூல் ஒரு சாண் கூடுதலாக இருந்தது.

"ரெண்டும் சமமா இல்லைன்னா பட்டம் ஒரு பக்கமா சாஞ்சு மண்ணுல குத்தும். போட்டிக்கு வந்தவங்க சிரிப்பாங்க," என்று முடிச்சில் நகத்தை வைத்தான்.

"அதுல கை வைக்காதண்ணே."

எலும்பு முறிந்து கூடியதிலிருந்து அவளுடைய இடது முழங்கை மடங்கியே இருக்கிறது. எவ்வளவு நீட்டினாலும் பாதியில் நின்றுவிடும்.

"கைதான் கோணலாப் போச்சு. நூலாவது ஒழுங்கா இருக்கட்டும்."

அவள் நூலைப் பிடுங்கிக்கொண்டாள். "என் கைக்கு எது சரியோ அதுதான் ஒழுங்கு. நம்பலைன்னா நீயே ஏத்து."

கைப்பிடிகளை அவனிடம் திணித்துவிட்டுப் போய்ப் பட்டத்தை நிமிர்த்தினாள். கடற்காற்றில் அது விருட்டென ஏறியது. அவனுடைய நேரான கைகளுக்கு அடங்கவில்லை. வலப்பக்கம் சாய்ந்து மணலை நோக்கிப் பாய்ந்தது. பதறிப்போய் இடது கையை நெஞ்சுப் பக்கம் இழுத்தான். பட்டம் ஓர் ஆள் உயரத்தில் நிமிர்ந்து, நேராக மேலேறியது. கையை நீட்டிப் பார்த்தான், உடனே சாய்ந்தது. மறுபடியும் மடக்கினான்.

கரையில் நின்றவர்கள் பட்டத்தை விட்டுவிட்டு அவன் முழங்கையைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

"எல்லாரும் பாக்குறாங்கடி. வந்து வாங்கிக்க."

ஜெசிந்தா மணலில் சாவகாசமாக உட்கார்ந்தாள்.

"பாக்கட்டும். கைய நீட்டிடாத."